வீட்டுக் கல்லு

பைய மடியில வச்சுக்கங்க தம்பி. மேல வச்சா கல்குவாரி வளைவுல கட்டாயம் விழும், போன வாரம் ஒருத்தரு தலையிலயே விழுந்துச்சு.

கூகமலைக்குத்தான? பாத்தாலே தெரியுது. தொப்பி, கயிறு, முழங்காலுக்குப் பட்டி. எங்கிட்டயும் இருந்துச்சு இதெல்லாம். கழுத்துல விசிலு வேற. அந்த விசிலப் பத்தி நானே சொல்லிர்றேன். இல்லாட்டி அடிவாரத்து டீக்கடையில பேச்சியம்மா சொல்லும், சிரிச்சுக்கிட்டே சொல்லும்.

என்னய எங்கயும் பாத்த மாதிரி இல்லையே? போன்ல? இல்லையா? நல்லது. திண்டுக்கல்லுல பாக்காத ஆளு கெடையாது. நீங்க கோயமுத்தூரா, அதான் தப்பிச்சேன்.

சரி, எந்தப் பாதையில ஏறப் போறீங்க? படிப்பாதை வேணாமாக்கும். ஓடைப்பாதையா? வழி தெரியுமா? போன்ல மேப்பு இருக்கும், ஆனா சுனையத் தாண்டுனா டவர் கெடைக்காது. அப்ப என்ன பண்ணுவீங்க?

கல்லயா? கல்லு மேல கல்லு அடுக்கி வச்சிருப்பாக, அதப் பாத்துக்கிட்டே போயிருவேன்னா சொல்றீங்க?

நெனச்சேன். இதுக்குத்தான் தம்பி, ஞாயித்துக்கெழமையானா இந்த பஸ்ஸுல பை வச்சிருக்கிற ஆளாப் பாத்துப் பக்கத்துல வந்து உக்காருறேன். கூச்சமாத்தான் இருக்கு. கண்டக்டரே ஒரு மாதிரிப் பாக்கறாரு. ஆனாலும் சொல்லித்தான் ஆகணும்.

என் பேரு வைரவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஹார்டுவேர் கடை. ஆணி, பூட்டு, தாழ்ப்பாளு, பெயிண்டு, பைப்பு எல்லாம் இருக்கும். அந்தப் பக்கம் யாரு வீடு கட்டுனாலும் மொத ஆணி நம்ம கடையிலதான் வாங்குவாக. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொன்னேன், விடுங்க.

சர்க்கரை வந்துருச்சு, நடங்கன்னாரு டாக்டரு. காலேஜு மைதானத்துல நடந்தோம். நடக்கறவுகளாச் சேந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சோம். நம்ம ஊர்ல நாலு பேரு சேந்து டீ குடிச்சாலே சங்கம்தான? ரிட்டையர்டு தாசில்தாரு சங்கரலிங்கம் தலைவரு, நான் செயலாளரு. மைதானத்தையே செக்குமாடு மாதிரிச் சுத்திச் சுத்தி அலுத்துப் போச்சு. நாந்தான் சொன்னேன், மலைக்குப் போவோம்னு.

கூகமலை நமக்குத் தண்ணி பட்ட பாடுன்னு சொன்னேன். சின்ன வயசுல மொட்ட போடப் போனதுதான், அதுவும் படிப்பாதையில, எங்கப்பா தோள்ல உக்காந்து. அத அவககிட்டச் சொல்லல. வீடியோவுல பாத்தேன், வடக்க இமயமலைப் பக்கமெல்லாம் கல்ல அடுக்கி வச்சு வழி காட்டுவாகளாம். கூகமலையிலயும் அந்த மாதிரி கல்லு இருக்குன்னு தெரியும், தோள்ல உக்காந்து பாத்துருக்கேன்ல. போதாதா? மலைக்கு மூணு ரூட்டு, படிப்பாதை, ஆட்டுத்தடம், ஓடைப்பாதை, நாம ஓடைப்பாதையில ஏறுறோம், குடும்பத்தோட வாங்கன்னு வாட்ஸப்புல போட்டேன். எல்லாரும் கட்டவெரலத் தூக்கிப் போட்டாக.

எங்க வீட்டம்மா பேரு இந்திராணி. அவ வரலைன்னு சொன்னா. நாந்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன், செயலாளர் சம்சாரம் வரலைன்னா நல்லா இருக்காதுல்ல. அவ பௌர்ணமிக்குப் பௌர்ணமி தெருப் பொம்பளைகளோட அந்த மலைக்குப் போறவ. அது எனக்குத் தெரியும். எதுக்குப் போறான்னு கேட்டதில்ல. சாமி கும்பிடத்தான் போவா, இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?

சுனை வரைக்கும் ஒரு கஷ்டமும் இல்ல. தண்ணி குடிச்சிட்டு விசில் அடிச்சேன், எல்லாரும் கெளம்புனாக. கொஞ்ச தூரத்துலயே மொதக் கல்லு தெரிஞ்சுச்சு. கீழ பெருசு, மேல சிறுசு, அதுக்கு மேல ஒரு கூழாங்கல்லு. "பாருங்க, இதான் ரூட்டு"ன்னேன். அந்தா புதருக்குப் பின்னால இன்னொன்னு. அந்தா பாறை இடுக்குல இன்னொன்னு. தாசில்தாரு என் கையப் பிடிச்சுக் குலுக்குனாரு.

இந்திராணி பின்னாலருந்து வேகமா வந்தா. "ஏங்க, அது வழிக் கல்லு இல்லங்க. வீட்டுக் கல்லு"ன்னா.

"என்னது?"

"சொந்த வீடு வேணும்னு வேண்டிக்கிட்டு அடுக்கி வைக்கிறது. சரிஞ்சா வீடு அமையாதும்பாக. அதுனால ஆள் போகாத எடமாப் பாத்து ஒளிச்சு வைப்பாக. இதப் பாத்துப் போனா எங்கங்க போய்ச் சேருவோம்?"

எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டா தம்பி. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. "ஒனக்கு என்ன தெரியும், சும்மா வா"ன்னேன். அதோட விடல நான். நாலு பேரப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "அடுப்படியிலருந்து நேரா மலைக்கு வந்து எனக்கு ரூட்டு சொல்றா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாக. அவளும் சிரிச்சா. சிரிச்சாளா? தலையக் குனிஞ்சிருந்தா. சிரிச்சிருப்பா.

அப்புறம் மேல ஒரு எடத்துல என் சட்டையப் பிடிச்சு இழுத்தா. கையக் காட்டி, "இந்தா, இது..."ன்னு என்னமோ சொல்ல வந்தா. நான் பாக்கல. தாசில்தாருகிட்ட இமயமலைய வெளக்கிக்கிட்டு இருந்தேன். "சும்மா வாடி"ன்னுட்டுப் போயிட்டேன். இத மட்டும் மறந்துறாதீங்க, பின்னால வரும்.

கல்லு எங்களக் கொண்டுபோயி எங்க விட்டுச்சு தெரியுமா? ஒரு பாறை நுனியில. முன்னால பள்ளம், பின்னால இண்டமுள்ளு. திரும்பிப் பாத்தா எல்லாப் பக்கமும் கல்லு. எந்தக் கல்லுலருந்து எந்தக் கல்லுக்கு வந்தோம்னே தெரியல. தாசில்தாரு உக்காரப் போயி வழுக்கி விழுந்தாரு. கணுக்காலு பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு. தண்ணி தீந்துருச்சு. உச்சி வெயிலு. கூட வந்த சனமெல்லாம் என் மூஞ்சியவே பாக்குது.

நான் விசில் ஊதுனேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. ஊதுனேன், ஊதுனேன், வாய் காஞ்சு வெறும் காத்து வர்ற வரைக்கும் ஊதுனேன். அழுதுக்கிட்டே ஊதியிருக்கேன் தம்பி, அழுததே எனக்குத் தெரியல. சங்கத்துல ஒரு புண்ணியவான், பேரு வேணாம், அத வீடியோ எடுத்துட்டான். அந்த நெலமையில ஒருத்தனுக்கு வீடியோ எடுக்கத் தோணுது பாருங்க.

இந்திராணிதான் முள்ளுக்குள்ள பூந்து ஆட்டுத்தடத்தக் கண்டுபிடிச்சா. ஆட்டுப் புழுக்கையப் பாத்துப் பாத்தே எறங்கி அடிவாரத்துலருந்து ஆளுகளக் கூட்டியாந்தா. கம்புல வேட்டியத் தூளி கட்டி தாசில்தாரத் தூக்கிட்டு வந்தாக. அவ அப்படிப் போனத நான் பெருசா எடுத்துக்கல. யாராச்சும் போகணும்ல? வீட்டுக்கு வர்றவுககிட்ட நாந்தான் அனுப்பி வச்சேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அவ பக்கத்துலதான் நின்னு வந்தவுகளுக்குக் காப்பி ஆத்துவா.

வீடியோ மறுநாளே ஊர் பூரா போயிருச்சு. என் பேரே 'விசிலு'ன்னு ஆயிருச்சு. கடைக்கு வர்ற பயலுக, "அண்ணாச்சி, ஒரு கிலோ ஆணி குடுங்க, அப்படியே ஒரு விசிலும்"பாய்ங்க. ஊர் வாய மூட ஒலமூடி ஏது? சங்கத்துல கூட்டம் போட்டு வேற செயலாளர் போட்டுட்டாக. மைதானத்துப் பக்கம் போறத விட்டேன். மொட்டமாடியில நடந்தேன், அதுக்கும் வாடக வாங்குற வீட்டுக்காரம்மா சத்தம் கேக்குதுன்னுச்சு.

ஆத்திரம் யாரு மேல வரணும்? எம்மேல வரணும். வரல தம்பி. கல்லு மேல வந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம தனியா ஏறுனேன். சுனைக்கு மேல மொதக் கல்லுலருந்து ஆரம்பிச்சேன். காலால எத்துனேன். கால் வலிச்சப்ப கம்பால தட்டுனேன். புதருக்குள்ள குனிஞ்சு, பாறை இடுக்குல கைய விட்டு, ஒன்னு விடல. இனிமே ஒருத்தனும் வழி தவறக் கூடாது, ஊருக்கு நல்லது செய்யறோம்னு சொல்லிக்கிட்டேன். பொய். சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. ஒவ்வொன்னும் சரிஞ்சு விழறப்ப அம்புட்டு சந்தோஷமா இருந்துச்சு. ஒன்னுல சின்னதா ஒரு தட்டக் கல்லக் கதவு மாதிரி சாத்தி வச்சிருந்தாக. அதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் எத்துனேன்.

வீட்டுக்கு வந்து சோத்துல உக்காந்து சொன்னேன். "போயி அம்புட்டுக் கல்லையும் தட்டி விட்டுட்டு வந்துட்டேன்." ரசம் ஊத்திக்கிட்டு இருந்தவ நிறுத்திட்டா.

"எல்லாத்தையுமா?"ன்னா.

"ஒன்னு விடல"ன்னேன். பெருமையாச் சொன்னேன்.

அவ கரண்டிய சட்டிக்குள்ள வச்சா. "அதுல என்னோடதும் ஒன்னு இருந்துச்சு"ன்னா.

நான் சிரிச்சேன் தம்பி. இப்ப நெனச்சாக் கூசுது. வாயில சோத்த வச்சுக்கிட்டுச் சிரிச்சேன். "ஒனக்கெதுக்குடி வீடு? இப்ப என்ன தெருவுலயா கெடக்கோம்?"ன்னேன்.

நாங்க கல்யாணமானதுலருந்து வாடக வீடுதான். வீடு மாறும், வாடகைக்கு இருக்கிறது மாறாது. எனக்கு அது ஒரு கொறையாத் தெரியல. பகல் பூரா கடையில இருக்கிறவனுக்கு வந்து படுக்க ஒரு எடம், அவ்வளவுதான? வீட்டக் கட்டிப் பாருன்னு சும்மாவா சொன்னாக. கட்டிப் பாக்கறவுகளத் தெனமும் நான் கடையில பாக்கறேன், கண்ணு பிதுங்கிப் போயி வருவாக.

அவ என்ன சொன்னா தெரியுமா? "எங்கப்பா போட்டோவ மாட்டணும்"னா.

அவுக அப்பா எறந்தப்ப பெருசாக்கி சட்டம் போட்ட போட்டோ. எந்த வீட்டுக்காரம்மாவும் செவுத்துல ஆணி அடிக்க விடல. பெட்டிக்குள்ள சேலைக்கு நடுவுல சுத்தி வச்சிருக்கா. திவசத்தன்னைக்கு எடுத்து நாற்காலியில சாத்தி மாலை போடுவா. சாயங்காலம் திரும்பச் சுத்தி உள்ள வச்சிருவா. நானும் வருசா வருசம் அந்த நாற்காலிக்கு முன்னாடி நின்னு கும்புட்டுருக்கேன். ஏன் நாற்காலியில இருக்கு, ஏன் செவுத்துல இல்லன்னு தோணுனதில்ல. தெனமும் ஆணிய நிறுத்துப் போடுறவன் தம்பி நான். என் பொண்டாட்டி ஒரு ஆணி அடிக்க எடம் கேட்டு மலையேறிப் போயிருக்கா. சாமிகிட்டக் கேட்டுருக்கா. எங்கிட்டக் கேக்கல.

ஏன் எங்கிட்டக் கேக்கலன்னு எனக்குக் கோவம் வேற. கேட்டா நான் என்ன, சும்மா இருடின்னா சொல்லிருக்கப் போறேன்?

ஆமா. அதத்தான் சொல்லிருப்பேன்.

அவ சண்ட போடல. போட்டிருந்தாத் தேவல. வேணுங்கிறத மட்டும் பேசுவா. உப்பு போதுமா, கேஸு தீந்துருச்சு, இம்புட்டுதான். பௌர்ணமிக்குத் தெருப் பொம்பளைக வந்து கூப்பிட்டாக. முழங்கால் வலிக்குதுன்னுட்டா. முள்ளுக்குள்ள பூந்து மலையவிட்டு எறங்குன காலு, அதுல என்ன வலி? இனி அங்க போயி அவளுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டா.

ஒரு நாள் கேட்டேன். "சரி, எடத்தச் சொல்லு. நானே போயி அடுக்கி வச்சிட்டு வந்துர்றேன்."

நிமிந்து பாத்தா. "அன்னைக்கே காட்டுனேன்ல"ன்னா.

காட்டுனா தம்பி. சட்டையப் பிடிச்சு இழுத்துக் காட்டுனா. வேண்டிக்கிட்டு வச்ச கல்ல யாருக்கும் காட்ட மாட்டாகளாம், புருசன்னு எங்கிட்டக் காட்ட வந்துருக்கா. எந்த எடம் அது? மூங்கில் புதர்கிட்டயா? அந்த யானமுதுகுப் பாறையிலயா? மண்டையப் போட்டு ஒடைக்கிறேன், வரல. தாசில்தாருகிட்ட நான் பேசுனது ஒரு வார்த்த விடாம நியாபகம் இருக்கு. அவ கையக் காட்டுன எடம் நியாபகத்துல இல்ல.

"இன்னொரு தடவ சொல்லேன்"னு கெஞ்சுனேன். "ஒரு தடவதாங்க காட்ட முடியும்"னுட்டு வெளக்குமாத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அதான் எல்லாத்தையும் அடுக்குறேன். எது அவளோடதுன்னு தெரியல, எல்லாத்தையும் அடுக்குனா அதுல ஒன்னு அவளோடதா இருந்துதான ஆகணும்? ஞாயித்துக்கெழமையானா இதான் வேல. எனக்கு இதுல நம்பிக்க கெடையாது, நான் நாலு விசயம் படிச்சவன். ஆனா எத்தறப்ப மட்டும் நம்பிக்கை இல்லாமயா எத்துனேன்? வெறும் கல்லுன்னு நெனச்சிருந்தா அம்புட்டு ஆங்காரம் எதுக்கு?

எத்தறதுதான் லேசு. அடுக்குனா நிக்க மாட்டேங்குது. எந்தக் கல்லு எது மேல உக்காரும்னு பாத்து, மூச்ச அடக்கிக்கிட்டு வைக்கணும். நின்னுக்கிட்டு முடியாது, தரையில உக்காந்து குனிஞ்சுதான் வைக்கணும். அப்படி உக்காந்தப்பதான் ஒறைச்சுச்சு, ஒவ்வொன்னையும் ஒருத்தரு இப்படி உக்காந்து வச்சுருக்காகன்னு.

போற வர்ற சனம் பாத்துட்டுச் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, எத்தன வீடு வேணும் ஒங்களுக்கு? தெருவையே கேக்கறீங்களா?"ங்கிறாக. பேச்சியம்மா என் மூஞ்சிக்கு நேராவே சொல்லுச்சு, "இம்புட்டுப் பேராச பிடிச்ச மனுசன நான் பாத்ததில்ல"ன்னு. டீய வாங்கிக் குடிச்சிட்டு வந்துட்டேன். தட்டி விட்டவன் நாந்தான்னு சொல்ல வாய் வரல. பேச்சியம்மாவே தகரக் கொட்டாயிலதான் குடியிருக்கு. அதோட கல்லும் அங்க ஒன்னு இருந்துருக்கும்ல? பேராசைக்காரன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகுது. அதுவே எனக்கு மரியாததான்.

இப்ப வெளங்குதா, ஒங்ககிட்ட ஏன் வந்து உக்காந்தேன்னு? நான் அடுக்க அடுக்க மறுபடியும் அதே கூத்துதான். ஒங்கள மாதிரி வெளியூரு ஆளு கல்லப் பாத்துக்கிட்டே போயி அந்தப் பாறையில நிப்பாக. போர்டு எழுதி மாட்டலாம்னு பாரஸ்ட் ஆபீஸுல கேட்டுப் பாத்தேன். காட்டு மரத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டாக. எனக்கு ஆணிக்கும் ராசியில்ல பாருங்க.

சுனையில பாட்டில ரொப்பிக்கங்க. அங்கருந்து வலக்கைப் பக்கம் ஆட்டுத்தடம் பிரியும். புழுக்கை கெடக்கும், அதப் பாத்துப் போனாத் தப்பே வராது. கல்லப் பாத்துப் போகாதீங்க. அது வழி இல்ல தம்பி, வீடு. கால் பட்டுறாமப் போங்க.

என்ன கேட்டீங்க? ஏன், வீடே கட்டிக் குடுக்கலாமேன்னா?

அது... கட்டலாம். கடை இருக்கு, லோனு குடுப்பாக. கட்ட முடியாதுன்னு இல்ல. மொதல்ல கல்லு முடியட்டும்னு... நீங்க ஒருத்தருதான் தம்பி இதக் கேட்டது. நானே கேட்டுக்கல இன்னும்.

போன ஞாயித்துக்கெழம மலையவிட்டு எறங்கி வீட்டுக்குப் போயி கொழாயடியில கை கழுவிக்கிட்டு இருந்தேன். வெரலெல்லாம் தோலு உரிஞ்சு எரிஞ்சுச்சு. இந்திராணி தேங்காண்ணெ கொண்டாந்து திட்டுல வச்சா. எப்பவும் வச்சுட்டுப் போயிருவா. அன்னைக்குப் போகல, நின்னா.

"எது வரைக்கும் அடுக்கிருக்கீங்க?"ன்னா.

"மூங்கில் புதரு வரைக்கும்"னேன்.

எண்ணெக் கிண்ணத்த எங்கிட்ட நகத்தி வச்சா. அப்புறம், "இன்னும் மேல"ன்னா.

அவ்வளவுதான். உள்ள போயிட்டா. நான் கொழாய மூட மறந்து நின்னு அழுதேன் தம்பி. இந்தத் தடவ அழறேன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

எந்திரிங்க, அடிவாரம் வந்துருச்சு. சுனை வரைக்கும் ஒன்னாப் போவோம். அதுக்கப்புறம் நீங்க வலக்கைப் பக்கம் திரும்பிக்கங்க, நான் மூங்கில் புதருக்கு மேல போகணும்.